பொருள்: கோமதி கல்யாணம் தொடர்பாக

அந்த வயரக் காதுலருந்து கொஞ்சம் கழத்துங்க அண்ணாச்சி. கோவில்பட்டிதானே? நானும் அங்கதான். அம்புட்டு தூரம் சும்மா உக்காந்து என்ன செய்யப் போறோம். மனுசன் மனுசன்ட்ட பேசணும்லா. இப்பம் எவன் பேசுதான்? எல்லாவனும் குனிஞ்ச தல நிமிராம செல்லத் தடவிக்கிட்டு இருக்கான். உங்களச் சொல்லல்ல, பொதுவாச் சொல்லுதேன். பாட்டா கேட்டீங்க? நல்ல பாட்டாத்தான் இருக்கும். பெறவு கேளுங்க, அது எங்கயும் போயிறாது.

எம் பேரு சிவசைலம். ரிட்டயர்டு சூப்பரிண்டெண்டு. எந்த ஆபீஸ்னு கேக்காதீங்க, சொன்னா உங்களுக்கும் அங்க என்னமாவது ஒரு சோலி நிக்கும், அதப் பேச ஆரம்பிச்சிருவீங்க. சர்வீஸ் பூரா எழுதியே தேஞ்ச கை இது. எழுத்துன்னா கதை கவிதை இல்ல. டிராஃப்ட்டு. சிவசைலம் டிராஃப்ட்டுன்னா கலெக்டரே வாசிக்காம கையெழுத்துப் போடுவாரு. அவ்வளவு நம்பிக்கை. ஒரு கமாவ எடுக்க முடியாது, ஒரு வார்த்தையச் சேக்க முடியாது. எதிராளி எந்தப் பக்கமும் நழுவ முடியாதபடிக்கு நாலு மூலையிலயும் ஆணி அடிச்சிருப்பேன். அப்பேர்ப்பட்டவனப் பாத்து, பெத்த மக சொல்லுதா, "அப்பா, இனிமே நீங்க ஒண்ணும் எழுதாதீங்க, உங்களக் கும்புடுதேன்"னு. எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்க. இருங்க, முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க.

ஒத்தப் பொண்ணு எனக்கு. கோமதி. வீட்டுல கோமு. முப்பது தாண்டிட்டா. திருநெல்வேலியில ஒரு ஜவுளிக் கடையில வேலை. சேலை மடிக்கிற வேலையில்ல. கடைக்கு இந்த இன்ஸ்டாகிராமு பேஸ்புக்கு எல்லாம் இருக்குல்லா, அதுல படம் போட்டு மேல ரெண்டு வரி எழுதுறது இவதான். ஒரு நாள் காட்டுனா. "சேலை வந்தாச்சு. நீங்க எப்போ?" இவ்வளவுதான் எழுதிருக்கா. இது ஒரு வாக்கியமா அண்ணாச்சி? நீங்க எப்போ என்ன? எப்போ வரப் போறீங்களா, எப்போ வாங்கப் போறீங்களா, எப்போ சாகப் போறீங்களா? முடிக்காண்டாமா? கேட்டேன். "அதான்ப்பா எழுத்து, மிச்சத்த அவங்களே நெனச்சுக்கிடுவாங்க"ங்கா. எதிராளிய நெனைக்க விடலாமா? ஆபீஸ்ல ஒருத்தன நெனைக்க விட்டா அவன் கோர்ட்டுக்குல்லா போவான். ஆனா பாருங்க, அந்த ரெண்டு வரிக்கு ஆயிரம் பேரு இதயம் போட்டிருக்கான். கூறுகெட்ட உலகம்.

இவளுக்கு ரெண்டு இடம் வந்து தட்டிப் போச்சு. மொதல் இடத்துல ஜாதகம் நல்லாப் பொருந்திச்சு. நான் மரியாதையா ஒரு கடிதாசி போட்டேன், பையனோட சம்பளம், சேமிப்பு, குடும்பத்துல உள்ள வியாதிக இதுகளுக்கு ஆதார நகல் கேட்டு. பெறவு அவுகள்ட்டருந்து தாக்கல் தகவல் ஒண்ணுமில்ல. ரெண்டாவது இடத்துலயும் ஏறக்குறைய அப்படித்தான். கேள்வி கேட்டா ஓடுதவன் என்ன மாப்பிள்ள? போகட்டும்னு விட்டுட்டேன்.

மூணாவதா வந்ததுதான் இந்தக் கோவில்பட்டி இடம். பையன் பேரு அருணகிரி. காத்தாடி மரம்... காத்தாடி போட்டுக் கரண்டு எடுக்கானுவல்லா கயத்தாறு பக்கம், அதுல எஞ்சினியரு. தங்கமான பையன். அப்பா பேரு பாபநாசம், பஜார்ல பாத்திரக் கடை. பொண்ணு பாக்க வந்தாவ. பஜ்ஜி சாப்பிட்டாவ. பையனும் இவளும் மொட்டமாடிக்குப் போயி பேசினாவ. எறங்கி வரும்போது இவ மொகத்தப் பாக்கணுமே. அன்னைக்கு ராத்திரி எங்கிட்ட வந்து, "எனக்கு இந்த இடம் பிடிச்சிருக்குப்பா"ன்னா. இத்தன வருசத்துல அவ வாயால பிடிச்சிருக்குன்னு சொன்னது அதுதான். என்ன சொல்லன்னு தெரியாம, "சரி, ஆவன செய்யப்படும்"னேன். அவ சிரிச்சா.

அந்தப் பையன் ஒரு குரூப்பு ஆரம்பிச்சான், வாட்ஸாப்ல. ரெண்டு வீட்டு ஆளுகளும் உள்ள. சித்தப்பன், பெரியப்பன், அத்தை, மாமி, வெளிநாட்டுல கெடக்குற கொழுந்தன் வரைக்கும். நல்லதுதான், எல்லாம் ஒரு எடத்துல பதிவாகும்லான்னு நானும் சந்தோசப்பட்டேன். ஆனா அந்தப் பாபநாசம் என்ன போடுதாரு அதுல? காலையில ஒரு தாமரைப் பூ. ராத்திரி ஒரு நிலா. கேள்வி கேட்டா கட்டை வெரல். இல்லன்னா கும்புடுற கை. மனுசன் ஒரு வரி எழுத மாட்டாரு அண்ணாச்சி! நேர்ல பாத்தா வாய் ஓயாம பேசுதாரு, செல்லுல எடுத்தா கட்டை வெரலு.

டிக்கெட்டா? எடுத்தாச்சு கண்டக்டரே. இவரும் எடுத்திட்டாரு. கயத்தாறு ஊருக்குள்ள போவுமா? பைபாஸ்தானா? சரி.

எங்க விட்டேன்? ஆங், பாபநாசம். கல்யாண மண்டபம் எந்த ஊர்லங்கிற பேச்சு வந்துது. அவரு எங்கிட்ட போன்ல, "மண்டபம் உங்க இஷ்டம் அத்தான், எங்க வச்சாலும் எங்களுக்குச் சம்மதம்"னாரு. சரி. நாலு நாள் கழிச்சு அவரு வீட்டம்மா எங்க வீட்டுக்காரிட்ட, பகவதிட்ட, சும்மா பேசிட்டு இருக்கும்போது, "கோவில்பட்டியில வச்சா எங்க ஆளுகளுக்குத் தோதா இருக்கும் மதினி"ன்னு சொல்லிருக்காவ. இது முரண்பாடா இல்லியா? ஒரே வீட்டுலருந்து ரெண்டு கருத்து. எதை நான் எடுத்துக்கிட? பகவதி சொல்லுதா, "ஒரு ஆசைக்குச் சொல்லிருக்காவ, நான் சிரிச்சுக்கிட்டே பேசி முடிச்சிருதேன்"னு. சிரிச்சுக்கிட்டே முடிக்கிறதுக்கு இது என்ன ஊறுகாய் போடுற சமாச்சாரமா? தெளிவு வேணும். அதனால அந்தக் குரூப்புலயே எழுதுனேன்.

வாசிக்கேன், கேளுங்க. எங்கிட்ட இருக்கு. எனக்கு மனப்பாடமே உண்டு, இருந்தாலும் பாத்து வாசிச்சாத்தான் நல்லாருக்கும்.

"பொருள்: திருமணம் – செல்வி கோமதி, திரு. அருணகிரி – மண்டபம் நிர்ணயம் – முரண்பட்ட தகவல்கள் – தெளிவுரை கோருதல் – தொடர்பாக. பார்வை ஒன்று: மணமகனின் தந்தையாரது தொலைபேசி உரையாடல். பார்வை இரண்டு: மணமகனின் தாயார் என் மனைவியிடம் தெரிவித்த வாய்மொழிக் கருத்து. பார்வை ஒன்றில் கண்ட சம்மதத்துக்குப் பார்வை இரண்டில் கண்ட கருத்து முற்றிலும் முரணாக அமைந்துள்ளது வருத்தத்துடன் சுட்டிக்காட்டப்படுகிறது. எனவே இவற்றுள் எது இறுதியானது என்பதை ஒரு வார காலத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். பதில் வரப்பெறாவிடில், தங்கள் தரப்பில் சொல்வதற்கு ஏதுமில்லை எனக் கருதி மேல்நடவடிக்கை எடுக்கப்படும். நகல்: குழுவில் உள்ள அனைவருக்கும்."

எப்படி? ஒரு கெட்ட வார்த்தை உண்டா? ஒரு மரியாதைக் குறைவு உண்டா? "கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்"னு பன்மையில முடிச்சிருக்கேன். "வருத்தத்துடன்"னு வேற போட்டிருக்கேன், மனசுல ஈரம் இல்லாதவனா இருந்தா போடுவானா?

அவரு என்ன போட்டாரு தெரியுமா? கட்டை வெரல். வாசிச்சாரா வாசிக்கலியா? சம்மதமா, சம்மதம்னா எதுக்குச் சம்மதம்? நினைவூட்டு ஒண்ணு அனுப்புனேன். கும்புடுற கை வந்துது. நினைவூட்டு ரெண்டு. ஒண்ணும் வரல்ல. குரூப்பே சத்தமில்லாம கெடக்கு, தாமரப் பூவும் நின்னு போச்சு. கோமு அழாத கொறையா சொன்னா, "அப்பா, இப்படியெல்லாம் எழுதுனா அவங்களுக்குப் பயமா இருக்கும்ப்பா. சின்னதா எழுதுங்க. கூட ஒரு சிரிக்கிற பொம்மையாவது போடுங்க"ன்னு. நான் பிடிவாதக்காரன் இல்ல அண்ணாச்சி. மக சொல்லக் கேட்டேன். நினைவூட்டு மூணுல, "மேல்நடவடிக்கை எடுக்கப்படும்"னு முடிச்சு, பக்கத்துல சிரிக்கிற பொம்மை போட்டேன். அதுல நெறய சிரிப்பு இருக்குல்லா? நல்ல சிரிப்பா இருக்கட்டுமேன்னு, கண்ணுலருந்து தண்ணி தெறிக்க விழுந்து விழுந்து சிரிக்குதே, அந்தப் பொம்மைய எடுத்து வரிசையா மூணு போட்டேன்.

நீங்களும் சிரிக்கீங்க. சிரிங்க. அதுதான் வினை.

அந்த மனுசன் நான் எழுதுனதத் தூக்கிட்டு ஒரு வக்கீல்ட்ட போயிருக்காரு! சம்பந்தம் பேசுற எடத்துல வக்கீல்! அவரு கடைக்கு மாடியில வக்கீல் ஆபீஸாம். "மேல்நடவடிக்கைன்னா என்னய்யா, கேசு போடுவாரா, பையன் வேலைக்கு எதுவும் மனு எழுதிப் போட்டிருவாரா"ன்னு கேட்டிருக்காரு. அந்த வக்கீல் யோசிச்சுப் பாத்துட்டு, "எதையும் எழுத்துல குடுக்காதீரு, சிக்கிக்கிடுவீரு"ன்னு சொல்லிட்டாரு. அதுலருந்து கட்டை வெரலும் கிடையாது. நான் மேல்நடவடிக்கைன்னு சொன்னது என்ன? மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுக்கிறது. அதுவும் ஒரு நடவடிக்கைதானே? அதுக்கு மேல என்ன நடவடிக்கை இருக்கு?

பாபநாசம் வீட்டம்மாவுக்கு வேற மனத்தாங்கல், அவுக சொன்னத எல்லார் முன்னாலயும் போட்டுட்டேனாம். அவுக நாத்தனாரு, ஓரகத்தி எல்லாம் அந்தக் குரூப்புல இருக்காவளாம். "புருசன் ஒண்ணு சொன்னா இவ ஒண்ணு சொல்லுவா"ன்னு ஆளாளுக்குப் பேச்சாப் போச்சாம். அந்தம்மா ரெண்டு நாள் சாப்பிடலியாம். நகல் போடாண்டாமா அண்ணாச்சி? நகல் போடாம எழுதுனா ஒளிச்சு மறைச்சு எழுதுன மாதிரில்லா ஆகும்? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு சொல்லுவாவ. நான் ஒரு பொய் சொன்னேனா? ஒரே ஒரு உண்மைய எழுதுனேன், அதுக்கு இந்தப் பாடு.

கடைசியில அவுக ஒரு சொந்தக்காரர் மூலமா தாக்கல் விட்டாவ. "கொஞ்ச நாள் ஆறப் போடுவோம்." ஆறப் போடுறதுன்னா அர்த்தம் நமக்குத் தெரியாதா? ஆபீஸ்ல எத்தன ஃபைல ஆறப் போட்டிருக்கேன் நான்.

கோமு எங்கிட்ட பேச்ச நிறுத்திட்டா. காப்பி கொண்டாந்து வைப்பா, போயிருவா. மொட்டமாடிக்குப் போயி அந்தப் பையன்ட்ட போன் பேசுறதும் கிடையாது. போன் கையில இருக்கும், வெறுமன பாத்துக்கிட்டு இருப்பா. நான் பக்கத்துல போயி, "என்னம்மா, விசயத்தச் சொல்லு"ன்னா, எந்திரிச்சுப் போயிருவா. எனக்கு மட்டும் வருத்தமில்லயா? பெத்தவன்லா?

இப்பம் கேளுங்க, அடுத்த கூத்த. ஒரு நாள் சாயங்காலம் அடுக்களையில பகவதி போன் பேசுதா. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நிக்கேன். அந்த வீட்டம்மாட்டதான் பேசுதா. "மதினி, அவுகளப் பத்தி உங்களுக்குத் தெரியாது. எனக்குக் கல்யாணமாயி இங்க வந்த அன்னைக்கு எங்க அப்பாவுக்கு ஒரு கார்டு போட்டாவ. என்ன எழுதிருந்தாவ தெரியுமா? 'தங்கள் மகள் நல்ல நிலையில் வந்து சேர்ந்தார் என்பது இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது.' எங்க அப்பா, பொண்ணக் குடுத்தோமா, பார்சல் அனுப்புனோமான்னு திகைச்சுப் போயிட்டாவ. அவுகளுக்குத் தெரிஞ்ச பாசை அது ஒண்ணுதான் மதினி. மனசு பச்சப் பிள்ள மனசு. எம் பொண்ணு முகத்தப் பாருங்க மதினி"ன்னு சொல்லிட்டு இவ சிரிக்கா. அந்தப் பக்கம் அந்தம்மா சிரிக்கிற சத்தம் எனக்கே கேக்கு. சிரிச்சு, பெறவு ரெண்டு பேரும் அழுது, பெறவு மறுக்கா சிரிச்சு, அப்படியே பருப்புப் பொடி எப்படி அரைக்கிறதுங்கிறதுல போயி முடிஞ்சுது பேச்சு.

முடிஞ்சு போச்சு அண்ணாச்சி! மறுநாள் பாபநாசம் தாமரப் பூ போட்டுட்டாரு. மண்டபம் திருநெல்வேலி. ஆவணியில கல்யாணம். அடுத்த வாரம் உறுதி பண்ண வாராவ. எல்லாம் சரியாப் போச்சு.

சரியாப் போச்சா? நீங்களும் அப்படித்தான் நெனைக்கீங்க. என்னத்த சரியாப் போச்சு? நான் எழுப்புன ஒரு கேள்விக்குப் பதில் வந்துதா? எம்மேல தப்பில்லன்னு எங்கயாவது பதிவு இருக்கா? என்னையக் கேலிப் பொருளாக்கி, என் கார்டச் சந்தி சிரிக்க வச்சு, அதுல ஒரு சமாதானம். பருப்புப் பொடியில முடியிறது ஒரு விளக்கமா?

அது கூடப் பொறுத்துக்கிடுவேன். அதுக்கு அடுத்த நாள் காலையில செல்ல எடுத்துப் பாக்கேன், குரூப்புலருந்து புதுசா ஒண்ணும் வரல்ல. கீழ தள்ளிப் பாக்கேன், மேல தள்ளிப் பாக்கேன். உள்ள போனா, நீங்க இப்பம் இதுல உறுப்பினர் இல்லன்னு போட்டிருக்கு. எடுத்துட்டாவ. யாரு எடுத்தது? எம் மகதான் அந்தப் பையன்ட்ட சொல்லி எடுத்திருக்கா. கேட்டதுக்கு, "நீங்க வந்து நின்னு ஆசீர்வாதம் பண்ணுனாப் போதும்ப்பா"ங்கா. நான் என்ன வாசல்ல கெட்டுற வாழை மரமா அண்ணாச்சி, வந்து நிக்கிறதுக்கு? எம் மக கல்யாணம். அதுல கொழுந்தன் இருக்கான், அத்தை இருக்கா, எவன் எவனோ இருக்கான். நான் இல்ல. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல்ல. உண்மையாச் சொல்லுதேன், ரொம்பச் சங்கட்டமாப் போச்சு. ஒரு ஆளு கூட, ஏன் சார்வாளக் காணோம்னு அதுல கேக்கல்லியாம்.

பின்ன எதுக்கு இப்பம் கோவில்பட்டிக்குப் போறேன்னு கேக்கீங்க. கேக்கலியா? கேப்பீங்க. எழுதிட்டேன். முழு விளக்கம். இந்தப் பையிலதான் இருக்கு. ஆரம்பத்துலருந்து நடந்தது ஒண்ணு விடாம. கார்டு விசயத்துக்கும் ஒரு பத்தி. வக்கீல்ட்ட போனதுக்குக் கடும் ஆட்சேபணை ஒரு பத்தி. ஆனா இந்தத் தடவ வாட்ஸாப்ல அனுப்பல்ல. நானும் கத்துக்கிட்டேன்லா. கோமு முந்தி ஒரு நாள் என்ன சொன்னா? எழுத்துல தொனி தெரியாது, நேர்ல பேசுனா நம்ம மனசு தெரியும்னா. சரிதான். அதனால நேர்ல போயி, அவரு கடையில நின்னு, நானே முழுசா வாசிச்சுக் காட்டிட்டுக் கையில குடுக்கப் போறேன். பஜார்ல கூட்டம் இருக்கிற நேரமாப் பாத்துக் கெளம்பிருக்கேன். நாலு பேரு சாட்சிக்கு இருப்பாவள்ளா? வீட்டுல சொல்லல்ல. பென்சன் விசயமா வெளிய போறேன்னு சொல்லிட்டு வந்தேன்.

என்ன சொல்ல வாரீங்க? வேண்டாம்னா? இருங்க, இருங்க, போன் அடிக்கி. கோமுதான். அவளா எங்கிட்ட பேசி எவ்வளவு நாளாச்சு, இப்பம் போன் பண்ணுதா பாருங்க.

"ஹலோ... ஆமா, பஸ்ல இருக்கேன்... யாரு சொன்னா?... ஓ, மேசையில கெடந்த கரடுப் பிரதியப் பாத்தியா. அது கரடு, அத வச்சு ஒரு முடிவுக்கு வராத, இதுல திருத்தம்லாம் பண்ணிருக்கேன்... ஏட்டி, ஏன் அழுத?... அழாத. அழாதம்மா. அழுதுக்கிட்டே பேசுனா எனக்கு என்ன வெளங்கும்? மொதல்ல ஒண்ணு என்ன, ரெண்டாவது என்னன்னு சொல்லு... கோமு... நான் உனக்காகத்தாம்மா... ஏட்டி, ஒரு வார்த்தை விவரமாச் சொல்லிட்டு அழேன்... ஹலோ... ஹலோ."

வச்சிட்டா.

ஒண்ணுமே சொல்லல்ல அண்ணாச்சி. "அப்பா, அப்பா"ன்னுட்டு ஒரே அழுகை. சின்னப் பிள்ளையில காய்ச்சல்ல கெடக்கும்போது இப்படித்தான் அழுவா, அப்பா அப்பான்னு. அப்பம் தூக்கித் தோள்ல போட்டுக்கிடுவேன், நிறுத்திருவா. இப்பம் என்ன செய்ய?

கோவில்பட்டி வந்துட்டே. பஸ்ஸ்டாண்டுக்குள்ள திருப்புதான். அண்ணாச்சி, நீங்க இவ்வளவு நேரம் கேட்டீங்க. விவரமான ஆளாத் தெரியுது. மனசுல பட்டதச் சொல்லுங்க, எறங்குனதும் அந்தால திரும்பிப் போற பஸ்ல ஏறிரவா, இல்ல கடைக்குப் போகவா? உங்க அபிப்பிராயத்துக்குக் கட்டுப்படுதேன். சொல்லுங்க.

இருங்க, இருங்க. எனக்கே இப்பம் புரிஞ்சு போச்சு. அவ ஏன் அழுதா? இத்தன நாள் அந்த ஆளுக பதில் சொல்லாம இழுத்தடிச்சாவல்லா, அந்த மன உளைச்சல்தான். எம் பிள்ளைய இப்படி ஏங்கி ஏங்கி அழ வச்சது யாரு? அதுவும் பதிவுல வரணும்லா? வராம விட்டா அவளுக்கு நான் என்ன அப்பன்? கடைசிப் பக்கத்துல கொஞ்சம் இடம் விட்டிருக்கேன்.

உங்ககிட்ட ஒரு பேனா இருக்குமா அண்ணாச்சி?